கடவுளுக்கு வக்கீல் வேண்டாம்

பொறையாறு
ஐப்பசி 24

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. நீ கேட்டிருந்த கேள்வி அப்படி. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாத அடைமழை. சம்பா நட்டு இருபது நாள்தான் ஆகிறது. கடைமடைக்காரன் பாடு உனக்குத் தெரியும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். மழைக்காலத்தில் மட்டும் மேலே உள்ள ஊர்த் தண்ணீரெல்லாம் எங்கள் வயலில் வந்து நிற்கும். என்னுடைய ஆறு மா நிலத்தில் இரண்டு மா முழுகிக் கிடந்தது. வடிகாலை அடைத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரையை நேற்று ஆள் வைத்து அள்ளினோம். இன்று காலை பயிரின் நுனி வெளியே தெரிந்தது. பிழைத்துவிடும்.

தங்கையின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? என் மனைவி ஏதோ ஒரு தைலத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறாள், அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

உன் அண்ணன் காரியத்துக்கு வந்தபோது உன்னிடம் நான் எதுவும் பேசாமல் திரும்பிவிட்டேன். திண்ணையில் இரண்டு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோடு சரி. நாம் திருச்சியில் படித்த மூன்று ஆண்டும், திருவிடைமருதூரிலிருந்து விடுதிக்கு வரும்போதெல்லாம் அண்ணன் இரண்டு பொட்டலம் அதிரசம் கொண்டுவருவார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. "வேதக்காரப் பையனுக்கு" என்று என் பொட்டலத்தின் மேல் பென்சிலால் எழுதியிருப்பார். அந்த எழுத்துதான் அந்த இரண்டு நாளும் கண்ணில் நின்றது. பேச வாய் வரவில்லை.

இப்போது நீ எழுதுகிறாய்: "மகாலிங்கசுவாமி கோயில் வாசல் வரை போகிறேன், உள்ளே போகக் கால் வரவில்லை. முப்பது வருடம் தத்துவம் கற்பித்தவன் நீ, கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் எப்படிக் கைகூப்பி நிற்கிறாய்? இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?"

இதே கேள்வி, அதே வாரத்தில், நேர் எதிர்த் திசையிலிருந்தும் என்னிடம் வந்தது. எங்கள் சபைப் பையன் ஒருவன் இளங்கலை கடைசி வருடம் படிக்கிறான். மேலே தத்துவம் படிக்க ஆசை. சபைப் பெரியவர் ஒருவர் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, கொலோசெயர் 2:8-ஐ விரித்துக் காட்டியிருக்கிறார்: "லௌகிக ஞானத்தினாலும், மாயமான தந்திரத்தினாலும், ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டுபோகாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்." அப்பா பயந்துவிட்டார். பையன் என்னிடம் வந்து, "சார், தத்துவம் படித்தால் விசுவாசம் போய்விடுமா?" என்று கேட்டான். விசுவாசம் இருக்கிறவனுக்குத் தத்துவம் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். தத்துவம் தெரிந்தவனுக்கு விசுவாசம் எதற்கு என்று நீ கேட்கிறாய்.

அவனுக்கு அந்த வசனத்தின் சொல்லை எடுத்துக் காட்டினேன். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஃபிலொசோஃபியா'. ஞானத்தின்மேல் கொண்ட அன்பு என்பது அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'லௌகிக ஞானம்' என்று ஆக்கிவிட்டது. அப்போஸ்தலர் நடபடிகள் 17-இல் பவுல் ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில் எப்பிக்கூரரோடும் ஸ்தோயிக்கரோடும் வாதம் செய்கிறார். அங்கே கிரேக்கத்தில் 'தத்துவவாதிகள்' என்று இருப்பதைத் தமிழ் 'ஞானிகள்' என்று மரியாதையாகச் சொல்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள். ஓரிடத்தில் வசை, ஓரிடத்தில் வாழ்த்து. அந்த ஞானிகளிடம் பவுல் ஓடி ஒளியவில்லை. அவர்களுடைய புலவர் ஒருவர் பாடிய "நாம் அவருடைய சந்ததியார்" என்ற வரியையே எடுத்துப் பேசுகிறார். அராத்தோஸ் என்ற அந்தப் புலவர் பாடியது சீயஸ் தேவனைப் பற்றி. எங்கள் சபைப் பிரசங்க மேடையில் ஒருவர் தேவாரத்திலிருந்து ஒரு வரியைச் சொல்லிப் பிரசங்கத்தைத் தொடர்ந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பார். பவுல் அதைத்தான் செய்தார்.

இரண்டாம் நூற்றாண்டு ஜஸ்டினைப் பற்றியும் சொன்னேன். கிறிஸ்தவரான பின்பும் தத்துவவாதியின் மேலங்கியைக் கழற்றாமல் நடமாடி, சுமார் 165-இல் ரோமில் இரத்தசாட்சியாகச் செத்தவர். மறைக்காமல், பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனையும் சொன்னேன்: "ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவர். வழக்கு பதினெட்டு நூற்றாண்டாக நடக்கிறது. உன் அப்பாவும் எங்கள் சபைப் பெரியவரும் இன்று தொடங்கி வைத்ததல்ல என்றேன். பையன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மறுநாள் அவனைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போய், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கல்லறை முன் நின்று இன்னொன்று சொன்னேன். 1706-இல் இங்கே வந்து இறங்கிய அந்த மனிதர் போதித்ததோடு நிற்கவில்லை. கடவுளைப் பற்றியும் விதியைப் பற்றியும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தமிழர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி அனுப்பிய பெரிய நூலை அதே ஹாலேக்காரர்கள் அச்சிட மறுத்து மூலையில் போட்டார்கள். அது 1867-இல்தான், நம் சென்னையில், அச்சேறியது. கேட்கத் தெரிந்த விசுவாசமும் கேட்கப் பயந்த விசுவாசமும் ஒரே சபைக்குள் இருந்திருக்கின்றன. இன்றும் இருக்கின்றன.

பையனுக்குச் சொல்வது எளிதாக இருந்தது. உனக்குச் சொல்வதுதான் கடினம், ஏனென்றால் நீ புத்தகத்திலிருந்து கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26 உனக்கு நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி நிறைய யாத்திரிகர்கள். அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கும் மேல் போனார்கள். தரங்கம்பாடிக் கரையில் மூன்று நாள் நான் பிணம் தூக்கினேன். இதை உன்னிடம்கூட விவரமாகச் சொன்னதில்லை. மூன்றாம் நாள், மீனவத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்கள் படித்தவர். என் பிள்ளை என்ன செய்தது?" என்று கேட்டாள். பிள்ளைக்கு நான்கு வயது.

அந்தக் கேள்விக்கான விடைகளை நான் பல ஆண்டு கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தீமைக்குத் தனக்கென்று இருப்பு கிடையாது, அது நன்மையின் குறைவு மட்டுமே என்ற அகஸ்டின். கடவுள் படைத்திருக்கக்கூடிய உலகங்களில் சிறந்தது இதுவே என்று 1710-இல் எழுதிய லைப்னிஸ். மனிதனுக்குச் சுதந்தரம் கொடுத்ததன் விலை என்ற வாதம். ஒவ்வொன்றும் பத்து மதிப்பெண் கேள்வி. அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே அவற்றில் ஒன்றைக்கூட வாயில் எடுக்க முடியவில்லை. நான் சும்மா நின்றேன். அடுத்த வாரம் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒலிபெருக்கியில் விளக்கினார். அந்தப் பெண் எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பல ஆண்டுகள், தத்துவம் அன்று கடற்கரையில் தோற்றுப்போனது என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, இம்மானுவேல் காண்ட் 1791-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையை மீண்டும் படித்தேன். கடவுளின் நீதிக்காக வாதாடிய தத்துவ முயற்சிகள் யாவும் தோற்றன என்பதே அதன் பொருள். அதை ஒரு நீதிமன்ற வழக்கு போலவே நடத்துகிறார். பகுத்தறிவு குற்றம் சாட்டுகிறது, கடவுளின் தரப்பில் வக்கீல்கள் எழுந்து வாதம் வைக்கிறார்கள், ஒன்றும் நிற்கவில்லை. இந்த மனிதர் விளையாட்டாகப் பேசுகிறவரில்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள்; லிஸ்பன் நகரில் ஜனங்கள் கோயில்களில் நிறைந்திருந்த காலை நேரத்தில் நிலம் நடுங்கி, கடல் உள்ளே வந்து, தீயும் பிடித்தது. ஐரோப்பா முழுவதும் காரணம் தேடியபோது, 31 வயதுக் காண்ட் அந்த நிலநடுக்கத்தைப் பற்றியே மூன்று கட்டுரைகள் எழுதினார். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, அறுபத்தேழு வயதில், எந்த இடத்துக்கு வந்து சேர்கிறார் தெரியுமா? யோபுவின் சாம்பல் மேட்டுக்கு.

யோபு கதை உனக்குத் தெரியும், விடுதியில் நான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். மக்கள் செத்து, சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணோடு அவன் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்கள். கடவுளுக்காக நீங்கள் பொய் பேசலாமா என்று யோபு கேட்கிறான். அவன் கத்துகிறான், கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். கடைசியில் கர்த்தர் பேசும்போது கோபம் யார்மேல் மூளுகிறது? கடவுளுக்கு வக்கீலாக நின்றவர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." காண்ட் பிடித்துக்கொண்டது இதைத்தான். நண்பர்கள் தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னார்கள். யோபு நினைத்ததைச் சொன்னான். அந்த நேர்மைதான் கடவுள் முன் நின்றது என்கிறார் அவர்.

அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அன்று கடற்கரையில் தோற்றது கறுப்பு அங்கி போட்ட தத்துவம் மட்டும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து லைப்னிஸைச் சொல்லவிடாமல் என் வாயை அடைத்ததும் தத்துவம்தான். எது எனக்குத் தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பார்க்க முப்பது வருடம் அது என்னைப் பழக்கியிருந்தது. விசுவாசத்துக்குத் தத்துவம் செய்யக்கூடிய பெரிய ஊழியம் இதுவென்று நான் நம்புகிறேன். கடவுள் இருக்கிறார் என்று நிரூபிப்பது அதற்கு அடுத்ததுதான்.

சரி, அப்படியானால் சபைக்கு ஏன் போகிறாய் என்பாய். அகஸ்டின் தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் ஒரு விஷயம் எழுதுகிறார். பிளேட்டோ வழியினரின் நூல்களில் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்பதற்கு ஒத்த கருத்தைக் கண்டாராம். "அந்த வார்த்தை மாம்சமாகி" என்பதை மட்டும் அங்கே காணவில்லையாம். அறிவு ஆதி வரை நடந்து போய்விடும். அந்த ஆதி ஒரு உடம்பு எடுத்து, பசித்து, ஆணியில் தொங்கி, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டதை எந்த வாதத்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. என் பலிபீடத்துக்கு மேலே தொங்குகிறவர் அந்த 'ஏன்'-ஐக் கேட்டவர். அவருக்கும் அந்த நேரத்தில் பதில் கிடைக்கவில்லை. தரங்கம்பாடிப் பெண்ணின் கேள்வியை வெளியே கழற்றி வைத்துவிட்டு நான் உள்ளே போக வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டே போகிறேன், அங்கே அது அந்நியமாக இல்லை. உன் 'ஏன்'-க்கு இதை விடையாக நான் வைக்கவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று நீ கேட்டாய், சொன்னேன்.

உன்னிடம் ஒரு வாதமும் வைக்க வேண்டும். எதை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் அளவை இயலில் தொடங்கும் சைவ சித்தாந்த நூல் சிவஞான சித்தியாரும் உங்கள் வீட்டில் உண்டு, காட்சி, கருதல், உரை என்று அண்ணன் விரல்விட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு அளவையும் அறியாமல் தன் கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பரும் உங்கள் வீட்டில் உண்டு. அந்தக் கதையைச் சொல்லும்போது அதே அண்ணனுக்குக் குரல் உடையும். இரண்டில் ஒன்று பொய் என்று அவர் நினைத்ததே இல்லை. நீயும் அண்ணன் இருந்தவரை நினைத்ததில்லை. வாசலோடு நீ திரும்பி வருவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். உள்ளே போ என்றும் சொல்ல மாட்டேன். அண்ணன் ஏன் அப்படிப் போனார் என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. யாராவது காரணம் சொல்ல வந்தால் அவரை நம்பாதே.

தை கடைசியில் இங்கே அறுப்பு. அதற்கு முன்னால், பொங்கல் முடிந்ததும் வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா, தங்கையையும் அழைத்து வா. சாயங்காலத்தில் தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கடற்கரையில் உட்காரலாம். அந்தப் பையனும் வருவான், தத்துவத்தில்தான் சேருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டானாம். அண்ணன் ஓரமெல்லாம் பென்சிலால் குறித்து வைத்த சித்தியார் பிரதி உன்னிடம்தானே இருக்கிறது? மறக்காமல் எடுத்து வா. பையில் வைக்கும்போது பிளாஸ்டிக் உறையில் சுற்றி வை, அந்தப் பென்சில் எழுத்து ஈரம் தாங்காது. எந்த நாள் என்று ஒரு வரி எழுது, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன்.

உன் அறைத்தோழன்