கேசட்டை எச்டி ஆக்கும்போது நிறத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய விஎச்எஸ் கல்யாண கேசட்டுகளை பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள் செய்தாக வேண்டிய வேலைதான். ஆனால் 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்று சொல்லிச் செய்யும்போது நிறம் கெட்டுப்போவதை, கல்யாண வீடியோ எடிட்டிங் தொழிலில் இருக்கும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வீடியோ கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் அப்படியே பதிவாவதில்லை. வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிக்கப்படுகின்றன. பிரிக்கும் கணக்கு பழைய டிவி தரமான பிடி 601-இல் ஒன்று, எச்டிக்கான பிடி 709-இல் வேறு. வெளிச்சத்தில் பச்சையின் பங்கு முன்னதில் 0.587, பின்னதில் 0.7152. கேசட்டின் 576 வரிப் படத்தை எச்டியின் 1080 வரிக்குப் பெரிதாக்கும்போது இந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும். அளவை மட்டும் மாற்றிவிட்டு, எந்தக் கணக்கு என்ற குறிப்பையும் எழுதாமல் விட்டால், பல பிளேயர்கள் படத்தின் அளவைப் பார்த்து 709 என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது, 0 முதல் 255 வரையான நிற அளவில் 255 இருக்க வேண்டிய தூய பச்சை சுமார் 215-க்கு இறங்கிவிடும். தூய சிவப்பில் 25 அளவுக்குப் பச்சை கலந்து ஆரஞ்சுப் பக்கம் சாயும். மணப்பெண்ணின் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தை நோக்கி நகரும். வாசலில் கட்டிய வாழைமரம் கருத்துத் தெரியும். கொடுமை என்னவென்றால், வெள்ளையும் சாம்பலும் துளியும் மாறாது. மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 'பழைய கேசட், சாயம் போயிருக்கும்' என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

சாயம் போகவில்லை. கோப்புக்குள் இருக்கும் எண்கள் சரியாகவே இருக்கின்றன. 601 என்ற குறிப்பை எழுதிவிட்டால், அதை மதிக்கும் பிளேயரில் பழைய நிறம் அப்படியே திரும்பிவிடும். ஆனால் கடைகளில் நடப்பது வேறு. கண்ணால் பார்த்து நிறத்தை ஏற்றி இறக்கி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்துவிடுகிறார்கள். அப்புறம் அசல் நிறத்தை மீட்பது மிகக் கடினம். தோலின் நிறம்தான் முதலில் அடிபடும்.

சக தொழில்காரர்களுக்கு என் வேண்டுகோள்: கேசட்டிலிருந்து கேப்சர் செய்த (கணினியில் பதிவு செய்த) 576 வரிக் கோப்பை அழிக்காதீர்கள். பெரிதாக்கும்போது 601-லிருந்து 709-க்கு முறைப்படி மாற்றி, குறிப்பையும் எழுதுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளிலேயே இதற்கு கலர்ஸ்பேஸ் ஃபில்டர் இருக்கிறது. குறிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேசட் கொடுக்கும் வீட்டாருக்கும் ஒன்று. எச்டி கோப்போடு 576 வரி மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவ் கைக்கு வந்துவிட்டது என்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோ எடிட்டர்,
கும்பகோணம்.