மாப்ளேவுக்குப் பதில்

வேலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அந்த அலைச்சலில் தள்ளிப்போய்விட்டது. இப்போது பார்வை தெளிந்து, மூலையிலிருக்கும் ஒட்டடையையெல்லாம் கண்டுபிடித்து என் வீட்டுக்காரி உயிரை வாங்குகிறாள்.

"பையனுக்குப் படிப்பு ஏறல, அவன் சுபாவமே அப்படி" என்று எழுதியிருந்தாய். படித்ததும் நம் கடைசி பெஞ்சுக்காரன்தான் ஞாபகத்துக்கு வந்தான். பத்தாவதில் இங்கிலீஷில் மூன்று தடவை கோட் அடித்தானே, அவனேதான். பாபு ராவ் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர் இப்போது. வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து வருகிற கூட்டம் உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கடை போர்டுகளிலேயே வங்காள எழுத்து. போன வாரம் நான் போயிருந்தபோது, வயதான அம்மா ஒருத்தி ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். இவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "பொய் நேய் மாஷிமா, பொய் நேய்" என்றான். என்னடா, பொய்யைப் பற்றிப் பேசுகிறான் என்று பார்த்தேன். 'பயம் இல்லை' என்று அர்த்தமாம். நம்முடைய பயம்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிடுகிறது.

எப்படிடா கற்றாய் என்றேன். "தப்புத் தப்பாப் பேசுவேன், சிரிப்பாங்க, திருத்துவாங்க, அவ்ளோதான்" என்றான்.

முதல் ரேங்க் வாங்கிய என் கதையைக் கேள். இந்திப் பரீட்சையில் பிராத்மிக், மத்யமா இரண்டும் பாஸ். காட்பாடி ஸ்டேஷனில் யாராவது இந்தியில் வழி கேட்டால், வினைச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் ஆட்டோ ஏறிப் போய்விடுவார். தப்பு வந்துவிடுமோ என்ற நடுக்கம். இதை நீ சுபாவம் என்பாய். ஆனால் ஒரு மார்க் குறைந்தாலும் அப்பா தறியைவிட்டு எழுந்து கயிற்றைத் தேடியது உனக்கும் தெரியும். பிறவிக் குணம் எது, கயிறு தந்த குணம் எது என்று இந்த வயதிலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சரி, சூழ்நிலைதான் எல்லாம் என்றும் சொல்ல வாயெடுக்க முடியாது. அதே லாட்ஜில் பத்து வருஷமாக இருக்கும் ரூம் பாய்க்கு வங்காளியில் ஒரு வார்த்தை வராது. "எனக்கெதுக்குண்ணா" என்கிறான். இருவருக்கும் அதே வாசல், அதே கூட்டம்!

டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு தானாக வரும் என்றும் புலம்பியிருந்தாய். நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடருக்கு வந்ததா? தாத்தா, அப்பா இருவரும் மருத்துவ மிஷனரிகள். அதனாலேயே அந்த வாழ்க்கை வேண்டாம் என்றிருந்தவர், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் இங்கே வந்தார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வலியில் கிடக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டர் கூடாது என்றதால் அவருடைய அப்பா போக முடியவில்லை. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் படிக்கப் புறப்பட்டார். 1899இல் டாக்டர் பட்டம், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்த ராத்திரி அதே வீட்டில் வேறொரு பெண் இருந்திருந்தால் பயந்துபோய் மறுநாளே ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பாளோ என்னவோ.

எங்கள் அம்மாவையே எடுத்துக்கொள். குடியாத்தத்தில் பீடி சுற்றிய காலத்தில் எழுத்தென்றாலே ஓடுவாள். ஏஜெண்ட் கழிசல் என்று ஒரு கை அள்ளி ஒதுக்குவான். பாஸ்புக்கில் எத்தனை பீடி என்று எழுதினான் என்று இவளுக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பு தெருவுக்கு வந்தபோது 'அ'வை விட்டுவிட்டு, முதலில் எண்ணைச் சொல்லிக்கொடு என்று அந்தப் பெண்ணிடம் அடம்பிடித்தாள். ஒரு மாதம் கழித்து ஏஜெண்டிடம் பாஸ்புக்கைத் திருப்பிக் காட்டி, "இங்கே தொள்ளாயிரம்னு இருக்குதே" என்று கேட்டபோது அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். கதைப் புத்தகம் மட்டும் இதுவரை தொட்டதில்லை.

உன் பையன் போனைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறான் என்று குறையாக எழுதியிருக்கிறாய். மாட்டிய பிறகு அது வேலை செய்கிறதா? அதை எழுதவில்லையே.

லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. இரண்டு நாள் நம்மவன் லாட்ஜ் கவுண்டரில் உட்காரட்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிவைக்கிறேன், அம்மா குழம்பு வைப்பாள். காட்பாடி வந்ததும் போன் போடு.

உன்,
பழைய முதல் ரேங்க்