கிராம சபையில் நாங்கள் போட்ட தீர்மானத்தைப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்: ஊராட்சி வாக்காளர்கள், தெருக்கூட்டப் பொறுப்பாளர்கள்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: கிராம சபைத் தீர்மானம் பதிவு செய்யப்படாதது, தெருக்கூட்டங்களில் காவல் துறை விசாரணை

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மே 1 கிராம சபையில் 130 பேருக்கு மேல் கை தூக்கி நிறைவேற்றிய ஒரு தீர்மானம், தீர்மானப் புத்தகத்தில் இல்லை. எங்கள் ஏரியில் மண் எடுக்க அனுமதித்த ஆழம் எவ்வளவு, இப்போது தோண்டியிருப்பது எவ்வளவு, இதை அளந்து ஊருக்குச் சொல்லுங்கள், அளக்கும் வரை லாரியை நிறுத்துங்கள். அவ்வளவுதான் அந்தத் தீர்மானம். "இது நம்ம அதிகாரத்துல வராது, எழுத முடியாது" என்று ஊராட்சிச் செயலர் சொல்லிவிட்டார். கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்திருந்த அலுவலர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களின் கையெழுத்து மட்டும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, அதற்கு மேலே எழுதியிருப்பதோ ஏற்கெனவே தட்டச்சு செய்து கொண்டுவந்த வழக்கமான தீர்மானங்கள்.

அந்த 130 பேரும் தாமாக வந்து உட்கார்ந்துவிடவில்லை. போன ஜனவரி 26 கூட்டத்துக்கு, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) நிரம்ப வேண்டுமே என்று நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள், கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சில பேர் சேர்ந்து தெருத் தெருவாகப் பேச ஆரம்பித்தோம். வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபின் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூடுவோம். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கண்டிப்பாகப் பெண் என்று தெருக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ஐ எடுத்துவைத்து, படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் சேர்ந்த சபை, ஊராட்சி அலுவலகம் நடத்துகிற விழா இல்லை என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு அம்மா, ஊராட்சி வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐ முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கே எடுத்துக் கொடுத்தார். இந்த மனுவில் எங்களுக்குப் பெருமையாக இருக்கிற ஒரே விஷயம் அதுதான்.

இப்படிக் கூடிப் பேசியதற்கு என்ன நடந்தது தெரியுமா? கட்சிக்காரர்கள் யார், பின்னால் இருப்பது யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று காவல் நிலையத்திலிருந்து வந்து விசாரித்தார்கள், இரண்டு இளைஞர்களின் பெயரையும் குறித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அந்த இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19-வது பிரிவு கொடுத்த உரிமை. பொதுக்கூட்டத்துக்கு அனுமதி மறுக்கக் காவல் துறைக்கு வரம்பில்லாத அதிகாரம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஹிம்மத் லால் ஷா வழக்கில் சொல்லி 50 வருஷம் தாண்டிவிட்டது. நாங்கள் சாலையில்கூட உட்காரவில்லை, எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்தோம்.

இது ஏதோ ஒரு ஊர்ப் பிரச்சினை என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு விஷயம் சொல்கிறோம். ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, ஊராட்சி வேலைக்கான கூலிப் பட்டியலையும் ரசீதையும் ஊர் நடுவில் வைத்துப் படித்து, இது உண்மையா என்று ஜனங்களையே கேட்டது. தகவல் பெறும் உரிமை கேட்டு, பியாவர் நகரத்தில் 1996-இல் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். அங்கிருந்து வளர்ந்த கோரிக்கைதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக ஆனது, இன்றைக்கு உங்கள் அலுவலகமே அந்தச் சட்டப்படி பதில் கொடுக்கிறது. அப்புறம் ஒடிசாவின் நியம்கிரி மலை. அங்கே சுரங்கம் வேண்டுமா என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது, கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. அது வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, எங்கள் ஏரிக்கு அப்படியே பொருந்தாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சபைகள் சொன்னதை எழுதினார்கள் இல்லையா? நாங்கள் கேட்பதும் அதைத்தான். எங்கள் தீர்மானத்தை ஏற்பதும் மறுப்பதும் மேலே இருக்கிற அதிகாரிகள் முடிவு செய்யட்டும், மறுத்தால் காரணத்தோடு மறுக்கட்டும். எழுதாமலே விட்டால் நாங்கள் கேட்டதற்கே சாட்சி இல்லாமல் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2016-இலிருந்து 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்கள், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் எங்கள் ஊராட்சி மறுபடியும் தனி அலுவலர் கையில். நாங்கள் ஓட்டுப் போட்ட தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத நேரத்தில், ஜனங்கள் வாய் திறந்து பேச மிச்சம் இருக்கிற இடம் கிராம சபை ஒன்றுதான்.

ஆகவே, மே 1 தீர்மானத்தை அன்றைய தேதியிலேயே விடுபட்ட தீர்மானமாகப் பதிவு செய்து, ஏரியை அளக்க உத்தரவிட வேண்டும். இனிமேல் தீர்மானங்களைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது உடனே நிற்க வேண்டும். முந்தைய கூட்டத் தீர்மானங்கள் என்ன ஆயின என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சுழற்சி முறையில் நடத்த வேண்டிய கூட்டம், எங்களுக்கு நினைவு தெரிந்து ஒரு தடவைகூடக் காலனிப் பக்கம் வந்ததில்லை, அடுத்தது அங்கே நடக்கட்டும். தெருக்கூட்டம் நடத்துகிறவர்களின் பெயர் எழுதி மிரட்டக் கூடாது என்று காவல் துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த இரண்டு பையன்களின் அம்மாக்கள் இன்னும் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு முடிந்தால் நீங்களே வாருங்கள். முடியாவிட்டால், எழுதத் தயங்காத ஒரு பற்றாளரை அனுப்புங்கள். அதே தீர்மானத்தோடு நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர்கள்
(கையெழுத்துப் பட்டியலும் தீர்மான நகலும் இணைக்கப்பட்டுள்ளன)