அம்மப்பா சொன்ன அரைப் பதில்

கொக்குவில்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை சின்னவன் தொலைபேசியில் என்னை மடக்கிவிட்டான். 'ரன்' என்றால் தமிழில் என்ன என்று கேட்டான். ஓடு என்றேன். "அப்படியென்றால் அம்மா கடையை ஓடுகிறாரா, அம்மப்பா?" முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு வாயடைத்துப்போயிற்று. நீதான் அவனுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயனுக்குக் கடை ஓட வேண்டும். நமக்கு நடந்தால் போதும். வியாபாரம் நடக்கிறதா என்றுதானே உன்னிடமும் கேட்கிறேன்? உங்கள் பக்கத்தில் தேர்தலுக்கு ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள். லண்டன்காரரும் நம்மைப்போல் நிற்பவர்கள்தான். உன் கடைச் சேலையில் சாயம் அங்கே ஓடும், இங்கே போகும். ஒக்ஸ்போர்ட் அகராதிக்காக இந்த ஒரு வினைச்சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்பவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டி 645 பொருள் கண்டாராம். நான் ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தேன்!

பஸ், மணிக்கூடு, ரயில் எல்லாம் இரண்டு மொழியிலும் ஓடுகின்றன. நம் யாழ்தேவிதான் 1990இல் நின்று, 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அவ்வளவு காலமும் அந்தச் சொல்லுக்கு இங்கே வேலையில்லை.

இன்னொன்றும் உண்டு. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுப் போனதை '95இல் ஓடினோம்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நீ அப்போது நாலு வயது, என் சைக்கிள் பாரில் இருந்தாய். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வீதியில் ஓட எங்கே இடம்? முன்னால் ஒரு கிழவியைக் கதிரையோடு தூக்கிப்போனார்கள். அவர்கள் ஓர் அடி வைத்தால் நாங்கள் ஓர் அடி. சைக்கிளை மிதிக்கவே முடியவில்லை, விடியும்வரை உருட்டினேன். கொம்மா ஒரு கையில் சோற்றுப்பானை, மறு கையில் உன் செருப்பு. ஒரு செருப்புத்தான் மிஞ்சியது. அதைப் போய் ஓட்டம் என்கிறோம்.

அடுத்த வருடம் திரும்பி வந்தால் வீட்டுக் கூரையில் ஓடு இல்லை. நாங்கள் ஓடியது காணாதென்று ஓடும் ஓடிவிட்டது என்று கொம்மா சொன்னாள். அந்த முற்றத்தில் நின்று சிரித்தோம். இந்தப் பகிடியை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு இன்றைக்கும் வழி தெரியவில்லை. சின்னவனுக்குக் கூரையில் போடும் ஓடு பற்றியும் மறக்காமல் சொல்லிவிடு.

அவனுக்கு மூக்கு ஓடுகிறது என்றாய். மூக்கு எங்கும் ஓடாது பிள்ளை, வடிகிறது. மல்லியும் வேர்க்கொம்பும் போன பார்சலில் வைத்திருக்கிறோம். அவித்து, இளஞ்சூட்டில் கொடு.

அன்புடன்,
அப்பா