கண்மாய்க் கரையில் மடைகளைத் தேடித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே உள்ளடங்கிக் கிடக்கும் நம் கண்மாயின் கரையில் இப்போது அய்யனார் கோயிலிலிருந்து, நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் கலிங்கு வரை முள் குத்தாமல் நடக்கலாம். காலையில் சர்க்கரைக்காக நடப்பவர்கள், சாயங்காலம் சைக்கிள் பழகும் பிள்ளைகள் என்று கரையில் எப்போதும் ஆள் நடமாட்டம். வழியில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பழைய மடைகளும் புதருக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டன. கரையில் நடக்கிற எல்லார் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி கீதாரி ஐயாவுக்கு. வருடந்தோறும் அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தையோடு நம் வயலில் கிடை போட வருகிறவர். மூன்றாம் மடை எங்கே என்று நாங்கள் கையில் கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு முழித்தபோது, "கருவேலத்துக்குள்ள ரெண்டு தூணு நிக்கும், குட்டி போட்ட ஆடு அங்கதான் ஒதுங்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தூண்கள் நின்றன.

அடுத்து, கரி சுடும் மூட்டக்காரர்கள். சீமைக் கருவேலத்தின் வேர் மடைக்கல் இடுக்கில் இறங்கியிருந்தது. ஜேசிபியை விட்டு ஒரே நாளில் பிடுங்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வேரை இழுத்தால் கல்லும் கூடவே வரும் என்று தடுத்தவர்கள் இவர்கள்தான். அரிவாளும் கோடரியுமாக அடிவரை வெட்டி, விறகைக் கரிமூட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கூலி வாங்கவில்லை. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்போதெல்லாம் வந்து கழித்துவிட்டும் போகிறார்கள்.

மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்ட நீர்பாய்ச்சித் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். அவர் இல்லையென்றால் எங்களுக்கு மடை வெறும் கல். கண்மாய்க்குள்ளே, கரையை ஒட்டி இரண்டு தூண்கள். அவற்றை இணைத்துக் குறுக்கே துளையிட்ட பலகைக் கற்கள். துளைகள் வழியாக ஒரு கம்பி இறங்கி, அடியில் உள்ள குமிழித் துளையை அடைத்திருக்கும் மூடியைப் பிடித்திருக்கும். கம்பியைத் தூக்கினால் தண்ணீர் துளைக்குள் விழுந்து, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வெளிப்புறத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால்களுக்குப் பிரியும். கீழே இன்னொரு துளை, சேறு போவதற்கு. தண்ணீர் பாயும்போதே வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய்விடும். கம்பி இற்றுப்போன வருடங்களில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கித்தான் திறப்பாராம். கயிற்றை மேலே இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். "திறந்த ஒடனே இழுக்கும். அப்ப ஆளத் தூக்குறவன் பங்காளியா இருக்கக் கூடாது, மாமன் மச்சானா இருக்கணும்" என்று சிரித்தார். இந்த வேலைக்கு அவர் வாங்கிய சம்பளம் களத்தில் அளந்து போட்ட நெல்தான். இன்று இரும்பு ஷட்டர் போட்ட முதல் மடையிலும் ஐந்தாம் மடையிலும் திருகைச் சுற்றினால் போதும். நடுவில் உள்ள மூன்றும்தான் பழையவை.

வைகையே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிற நாடு இது. நம் கண்மாய்க்கு அதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. மேலே உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் நமக்குத் தண்ணீர், நம்முடையது பாய்ந்தால் கீழே உள்ளவர்களுக்கு, மிச்சம் கடலுக்கு. அதனால்தான் கலிங்கில் வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடியப் போகும்போது கல்லுக்குக் கல் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வெள்ளம் வந்தால் பிரித்துவிடலாம். அந்தக் கற்களைச் சுற்றி மண் அள்ளிச் சுத்தம் செய்தவர்கள் நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமார்கள். வேலை நேரம் முடிந்த பிறகும் நின்று செய்தார்கள். ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராதவனிடம் இரு மடங்கு தண்டம் வாங்கலாம் என்று 1858-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். இவர்களை யார் கூப்பிட்டது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

தெற்குத் தெரு மதினிக்குத் தனி நன்றி. அவர் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்த கல் நான்காம் மடையின் பலகைக் கல். அவர் மாமனார் காலத்தில் கரை உடைந்தபோது கிடந்ததை எடுத்து வந்ததாம். நடுவில் உள்ள துளையைப் பார்த்து அவரே சொல்லி அனுப்பினார். சும்மா இல்லை, பதிலுக்குச் சிமெண்டில் ஒரு துவைக்கும் கல் கேட்டார். நியாயம்தானே, போட்டுக் கொடுத்தோம். மணலும் களிமண்ணுமான இந்தக் கரையோரத்தில் கருங்கல் கிடைக்காது. மேற்கேயிருந்து மாட்டுவண்டியில் வந்த கல்லாகத்தான் இருக்க வேண்டும். திரும்ப வந்தது பெரிய விஷயம்.

இராஜசிங்கமங்கலத்தில் 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் பெற்ற பெரிய கண்மாய் இருக்கும்போது உங்கள் ஐந்து மடையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கும் நன்றி. அந்தக் கோபத்தில்தான் பாதி வேலை நடந்தது. பணம் கொடுத்த மிளகாய் வியாபாரிகளுக்கும் மலேசியாவிலிருந்து அனுப்பிய தம்பிமார்களுக்கும் நன்றி. 2023-ல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு வைத்த அளவு ஃப்ளெக்ஸ் இதற்கும் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றதும் கோபித்துக்கொள்ளாமல் அந்தக் காசுக்கும் மண் அடித்துக் கொடுத்தார். அவருக்கு இரட்டை நன்றி.

தூணுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம், உடைந்த சுருங்கையைச் சிமெண்ட் வைத்துப் பூச வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததில் சிலருக்கு வருத்தம். என் கருத்து இன்னும் அதுதான். உளி பட்ட தடம் தெரியட்டும். விவரம் எழுதிய பலகைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்து தந்தார்கள். இரண்டாம் மடைப் பலகையில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. பார்த்தவர்கள் அவர்களிடம் சொல்லாதீர்கள், பொங்கல் விடுமுறையில் மாற்றிவிடுவோம்.

பாக்கி வேலையும் இருக்கிறது. நான்காம் மடைப் பலகைக் கல்லைத் தூக்கி வைக்கத் தெரிந்த கல்தச்சர் யாராவது இருந்தால் அய்யனார் கோயில் பூசாரியிடம் சொல்லுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீர் இருக்கும் மாதங்களில் பிள்ளைகளை மடைக்குப் பக்கத்தில் குளிக்க விடாதீர்கள். அப்புறம், மூன்றாம் மடைத் தூணில் யாரும் ஆடு கட்ட வேண்டாம். கீதாரி ஐயாவின் ஆடுகள் மட்டும் விதிவிலக்கு.

இப்படிக்கு,
கரையில் நடக்கும் உங்கள் ஊர்க்காரர்கள்