துப்பாக்கி வாங்குமுன் முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். நீ கேட்டிருந்ததற்கு அவசரத்தில் எதையாவது எழுதிவிடக் கூடாது என்று தோன்றியது. முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டில் திருட்டு நடந்ததிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை, ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கூடவே, "சட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது? திருடன் லைசென்ஸ் எடுத்துக்கொண்டா வரப்போகிறான்?" என்றும் கேட்டிருந்தாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. ராத்திரி சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பையனின் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறேன் என்று நீ எழுதிய வரி மனதை விட்டுப் போகவே இல்லை.

ஆனால் துப்பாக்கிச் சாவு என்றதும் நம் கண்முன் வருவது திருடனும் கொள்ளைக்காரனும்தான். நீ இருக்கும் நாட்டின் கணக்கைப் பார். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கையாலேயே போனவர்கள். அந்த வீடுகளுக்குள் எந்தத் திருடனும் நுழையவில்லை.

விடுதியில் நம் எதிர் அறையில் இருந்தவனை நினைத்துப் பார். பெயர் எழுதவில்லை, உனக்கே தெரியும். தேர்வு முடிவு வந்த அன்று ராத்திரி மாத்திரைகளை விழுங்கிவிட்டு வாசல்படியில் கிடந்தான். நீ தலைப்பக்கம், நான் கால்பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினோம். உன் சட்டை முழுக்க அவன் வாந்தி. விடியற்காலையில் கண் திறந்ததும் தண்ணீர் கேட்டான். அப்புறம் சொன்னான்: "அரை மணி நேரத்திலேயே பயம் வந்துடுச்சுடா. உங்களைக் கூப்பிடத்தான் கதவைத் திறந்தேன்." போன மாதம் அவன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தான்.

அந்த அரை மணி நேரத்தைத் துப்பாக்கி யாருக்கும் கொடுப்பதில்லை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் போய்விடுகிறார்கள். மற்ற பல வழிகளில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. நம் நண்பன் ஒன்றும் அபூர்வமான ஆள் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"சாகத் துணிந்தவன் வேறு வழி தேடிக்கொள்வான்" என்று நீ சொல்வாய். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். இலங்கையின் கதை தெரிந்தபிறகுதான் மாறினேன். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. 1995 தொடங்கி, மிகக் கொடிய நச்சு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் மொத்தத் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. நடுவில் போர், வறுமை எதுவும் தீர்ந்துவிடவில்லை. முயன்றவர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான். துப்பாக்கி விஷயத்தில் இஸ்ரேல் ராணுவம் 2006-இல் இதைவிடச் சின்னதாக ஒன்று செய்தது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றது. வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் மாற்றம் பெரிதாக இல்லை, குறைந்தது வார இறுதியில்தான்.

சரி, கொலைக்கு வருகிறேன். நீ குடியேறியிருக்கும் மிசௌரியிலேயே இது நடந்திருக்கிறது. 2007 வரைக்கும் அங்கே கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் முதலில் ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்ற மாகாணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அடுத்த சில ஆண்டுகளில் துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறக்குறைய கால்பங்கு கூடியிருந்தது. துப்பாக்கியில்லாத கொலைகளில் அப்படி ஏற்றம் இல்லை. கனெக்டிகட் மாகாணம் 1995-இல் இதற்கு நேர்மாறாக, அனுமதியும் பயிற்சியும் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அங்கே துப்பாக்கிக் கொலையும் தற்கொலையும் குறைந்தன. திருடன் லைசென்ஸ் வாங்க மாட்டான் என்கிறாய், உண்மைதான். ஆனால் அவன் கைக்கு வரும் துப்பாக்கி பெரும்பாலும் முதலில் யாரோ ஒருவர் கடையில் வாங்கியது. அந்த முதல் கை மாறும் இடத்தில்தான் அனுமதிச் சீட்டு குறுக்கே நிற்கிறது.

எல்லாச் சட்டமும் பலன் தருகிறது என்று உன்னிடம் அளக்க மாட்டேன். 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் பறிகொடுத்தபின் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளுக்குத் துப்பாக்கிக் குற்றக் கணக்கு ஏறத்தான் செய்தது, பிறகுதான் இறங்கியது. மெக்சிகோவில் சட்டம் கடுமை. ஆனால் எல்லைக்கு வடக்கேயிருந்து கடத்தல் துப்பாக்கிகள் வந்து குவிகின்றன, கொலைகளும் குவிகின்றன. 2020-இல் அமெரிக்காவில் கொலை 30 சதவீதத்துக்குக் கிட்டத்தட்டக் கூடியது. அந்த ஆண்டில் நாடு முழுக்கச் சட்டம் ஒன்றும் தளர்ந்துவிடவில்லை. பெருந்தொற்று, வேலையிழப்பு, காவல்துறைமேல் போன நம்பிக்கை என்று வேறு பல காரணங்கள். சட்டத்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது. திருட்டு குறையுமா என்று கேட்டால், குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். அடிதடியிலும் திருட்டிலும் அமெரிக்கா மற்ற பணக்கார நாடுகளைவிட அப்படியொன்றும் மோசமில்லை. அதே சண்டை அங்கே பிணத்தில் முடிகிறது, அதுதான் வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே வாரத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க மத்திய அரசும் மாகாணங்களும் ஒப்பந்தத்துக்கு வந்தன. ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தார்கள். துப்பாக்கிச் சாவுகள் அதற்கு முன்பே குறைந்துகொண்டுதான் இருந்தன என்று வாதாடுகிறவர்கள் உண்டு, அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது வேறொரு சின்ன விதி. வாங்குவதற்கு அனுமதி கேட்டால் 28 நாள் காத்திருக்க வேண்டும். கோபமோ துக்கமோ அத்தனை நாள் அதே சூட்டில் இருப்பதில்லை.

உன் மாகாணத்தில் காத்திருக்கும் காலம் என்று எதுவும் இல்லை. கடைக்குப் போனால் வாங்குபவரின் குற்றப் பின்னணிச் சோதனை சில நிமிடத்தில் முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம். கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் கடைக்காரர் கொடுப்பார், 2005-இல் வந்த சட்டம் அது. பெரும்பாலும் கம்பிப் பூட்டு, சைக்கிள் பூட்டைச் சின்னதாக்கியது மாதிரி இருக்கும். தோட்டா ஏறும் வழியில் கம்பியை நுழைத்துப் பூட்டிவிட்டால் குண்டு போட முடியாது. கொடுக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறதே தவிர, நீ பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எத்தனை வீட்டில் அது பிரிக்காத பையிலேயே கிடக்கிறதோ! குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டங்கள் பிள்ளைகளின் தற்கொலையையும் தவறிச் சுட்டுச் சாவதையும் குறைக்கின்றன. துப்பாக்கிச் சட்டங்களிலேயே ஆய்வுச் சான்று மிகப் பலமாக இருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

முரளி, இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. பையன் இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், பதினாறு வயசுல எல்லாரும் அப்படித்தானே என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் திருடன் வரும் ராத்திரி எப்போதாவது ஒன்று. பையன் எல்லா ராத்திரியும் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.

வாங்காதே என்பதுதான் என் ஆசை. வாசலில் நல்ல வெளிச்சம் போடு, கதவுக்கு நல்ல பூட்டுப் போடு. அப்படியும் வாங்கியே தீருவாய் என்றால், இரும்புப் பெட்டியில் பூட்டி வை, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வை. பெட்டியின் எண் அவன் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். அவனிடமே நேராகக் கேள், மனசுக்கு எப்படி இருக்கிறது, சாகலாம் போலத் தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒரு டாக்டரிடமும் கூட்டிப் போ. நெருக்கடி என்றால் அங்கே 988 என்ற எண் எந்நேரமும் எடுக்கும்.

எனக்காக இன்னொன்று செய். மிசௌரியில் இல்லாவிட்டால் என்ன, அந்த 28 நாளை நீயே வைத்துக்கொள். இந்தக் கடிதம் கைக்கு வரும் நாளிலிருந்து எண்ணு. அதுவரை கடைப்பக்கம் போகாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன். பையனும் பக்கத்தில் இருந்தால் அவனோடும் கொஞ்ச நேரம் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்