எதையும் தொடாமல் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ரோபோட்டிக்ஸ் பயிற்சியின் இந்தச் சுற்று முடிந்துவிட்டது. நிறைவு விழா மேடையில் பெயர்களை வாசிக்கத்தான் நேரம் இருந்தது. யார் என்ன செய்தீர்கள், அதனால் மாணவிகளுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல இந்த மடல். அடுத்த சுற்றை நடத்தப்போகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி வழிகாட்டிகளுக்கு. எதையும் தொடாமல் நின்றீர்களே, அதற்கு. ரோபோ ஓடாமல் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குக் கை துறுதுறுக்கும். ஒரு வயரைப் பிடுங்கி போர்டின் வேறு துளையில் செருகி, "இப்ப பாரு" என்று சொல்லப் பத்து விநாடி போதும். ரோபோ ஓடிவிடும், ஆனால் அதை ஓட்டியது யார் என்பது அந்த மாணவிக்குத் தெரியும். நீங்கள் மூன்று கேள்விகளோடு நின்றுகொண்டீர்கள். என்ன நடக்க வேண்டும்? என்ன நடக்கிறது? கடைசியாக எதை மாற்றினாய்? அதன் பிறகு வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை அவள் கையிலேயே கொடுத்தீர்கள். பழுதை அவளே கண்டுபிடிக்கச் சில சமயம் முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்வது, சொல்லித்தருவதைவிடக் கடினமான வேலை.

அடுத்து, சுழற்சி அட்டவணையைத் தயாரித்தவர்களுக்கு. மாணவர்களும் மாணவிகளும் கலந்த குழுவில் வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். லேப்டாப்பும் ஸ்க்ரூடிரைவரும் ஒரு பக்கம் போகும். குறிப்பேடும் போஸ்டரும் பெரும்பாலும் பெண்கள் பக்கம் வந்து சேரும். யாரும் சதி செய்வதில்லை. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர் லேப்டாப் முன்னால் உட்காருகிறார், உட்கார்ந்ததாலேயே இன்னும் கற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான். நாலு பேர் குழு, 100 நிமிட வகுப்பு, 25 நிமிடத்துக்கு ஒரு முறை மணி. புரோகிராம், கட்டுமானம், சோதனை, குறிப்பு என்று நான்கு இடங்களையும் எல்லோரும் சுற்றி வர வேண்டும். 12 வகுப்புகள் முடியும்போது ஒவ்வொருவருக்கும் புரோகிராம் எழுதவே 5 மணி நேரம் கிடைத்திருக்கும்.

இந்த முறை முதல் சில வகுப்புகளில் எரிச்சலைத்தான் தரும். பாதி எழுதிய புரோகிராமை அடுத்தவரிடம் விட்டுவிட்டு எழ வேண்டும். வந்தவருக்கோ ஒன்றும் புரியாது. அதற்காகத்தான் மணி அடிப்பதற்கு 3 நிமிடம் முன்பே தட்டச்சை நிறுத்தி, "இதுவரை ஓடுவது இது, ஓடாதது இது" என்று இரண்டு வரி எழுதிவைக்கும் வழக்கம். போட்டி நெருங்கும்போது, வேகமாக எழுதுகிறவரையே உட்காரவைத்துவிடலாம் என்ற ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். அந்தக் கடைசி இரண்டு வாரமும் மணியை விடாமல் அடித்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பாகங்களைப் பிரித்து, சோதித்து, பெட்டியில் அடுக்கியவர்களை யாரும் மேடையில் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு குழுவுக்கு ஆர்டுயினோ ஊனோ (புரோகிராமை ஓட்டும் சின்ன போர்டு) 1, எல்298என் மோட்டார் டிரைவர் (போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் பாகம்) 1, மஞ்சள் கியர் மோட்டார் 2, அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலியால் தூரத்தை அளப்பது) 1, அகச்சிவப்பு சென்சார் (ஒளி பட்டுத் திரும்புவதை வைத்துக் கோட்டை அறிவது) 2, ஜம்பர் வயர் (பாகங்களை இணைக்கும் வயர்) 40. இந்தப் பட்டியல் எங்கும் கிடைக்கும். நீங்கள் செய்த முக்கியமான வேலை, சதுரமான 9 வோல்ட் பேட்டரியைப் பெட்டியிலிருந்து தூக்கி எறிந்தது. சக்கரம் எதிலாவது முட்டி நின்றால் மோட்டார்கள் கேட்கும் மின்னோட்டத்தை அந்தப் பேட்டரியால் தர முடியாது. வோல்டேஜ் சரியும், போர்டு தானாக ரீசெட் ஆகும் (அணைந்து முதலிலிருந்து தொடங்கும்), ரோபோ ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். புரோகிராமில் தப்பே இருக்காது. ஆனாலும் எழுதியவள் அதில்தான் தப்பைத் தேடுவாள். தேடிக் கிடைக்காவிட்டால் "எனக்கு இது வராது" என்று முடிவுகட்டிவிடுவாள். பேட்டரியின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு துறையை விட்டே போகிறவர்கள் உண்டு என்றே நம்புகிறோம்.

அதற்குப் பதில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்கள் 6, மொத்தம் 7.2 வோல்ட், மோட்டார்களுக்கு மட்டும். டிரைவரில் சுமார் 2 வோல்ட் போனாலும் மிச்சம் 5 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஊனோவுக்குத் தனியாகப் பவர்பேங்க். ஊனோ இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிச் சில பவர்பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். அப்படிப்பட்டவற்றை முன்கூட்டியே சோதித்து ஒதுக்கிவைத்தீர்கள். இரண்டு மின்மூலங்களின் கிரவுண்டையும் (மைனஸ் முனையையும்) இணைக்க மறந்தால் மோட்டார் சொன்னபடி கேட்காது என்பதால், அந்த ஒரு வயரை மட்டும் எல்லாப் பெட்டியிலும் கறுப்பில் வைத்தீர்கள். சின்ன விஷயம்தான், எத்தனை வகுப்புகளைக் காப்பாற்றியது!

கோட்டைப் பின்தொடரும் ரோபோக்கள் ஓடும்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டவருக்கும் நன்றி. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது; காலையில் சரிசெய்த சென்சார் மதியத்தில் கறுப்பையும் வெள்ளையையும் குழப்பிக்கொள்ளும்.

அறிவிப்புப் பலகையில் "விஞ்ஞானி ஆகலாம் வா" என்று இருந்ததை "அறிவியல் செய்யலாம் வா" என்று மாற்றியவரை அப்போது சிலர் கேலி செய்தார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு அவர் பக்கம்தான் நிற்கிறது: விஞ்ஞானியாக இருக்கச் சொன்னபோது இருந்ததைவிட, அறிவியல் செய்யச் சொன்னபோது சிறுமிகள் அந்த வேலையில் அதிக நேரம் நிலைத்தார்கள். ஆள் யார் என்பதைச் சொல்லாமல் வேலை என்ன என்பதைச் சொன்னால் கதவு அகலமாகத் திறக்கிறது போலும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று வாதாடியவர்களுக்கும் நன்றி. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 6 வயதுக் குழந்தைகள் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 20 நிமிடம் ஒரு ரோபோவுக்குப் புரோகிராம் செய்தார்கள். அப்படிச் செய்த சிறுமிகளிடம் தொழில்நுட்ப ஆர்வமும் தன்னம்பிக்கையும் மற்றச் சிறுமிகளைவிடக் கூடியிருந்தன. ஆனால், ரோபோவில் ஆண்பிள்ளைகள்தான் கெட்டி என்ற எண்ணம் அந்த 20 நிமிடத்தில் அசையவில்லை. ஒருநாள் கண்காட்சி போதும் என்பவர்களுக்கு இந்தப் பின்பாதியைச் சொல்லிக் காட்டுங்கள். பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டிகள் நடத்தும் அமெரிக்க அமைப்பான ஃபர்ஸ்டின் ரோபோட்டிக்ஸ் குழுக்களில் இருந்தவர்களைப் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அறிவியல் தொழில்நுட்பத்தில் ஆர்வம், குழுவில் சேராதவர்களைவிட அவர்களுக்குக் கூடியது; அந்தப் பலன் பெண்களிடம் இன்னும் அதிகமாக இருந்தது. அங்கே பலனைத் தந்தவை மாதக்கணக்கில் ஓடிய குழுக்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பணியிடத்திலிருந்து வந்து பேசிய பெண் பொறியாளர்களே, டெக்னீஷியன்களே, நீங்கள் சாதனைப் பட்டியல் வாசிக்காமல் கருகிய சர்க்யூட் போர்டைக் கொண்டுவந்து காட்டினீர்கள். எது கருகியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று சொன்னீர்கள். ரோபோ பிடித்திருக்கிறது என்பதற்கும் அதைத் தொழிலாக எடுப்பதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. எந்தப் படிப்பு எந்த வேலைக்குப் போகிறது என்று தெரியாததுதான் அந்தப் பள்ளம். சட்டகமும் கியரும் பிடித்தால் இயந்திரவியல், போர்டும் சென்சாரும் பிடித்தால் மின்னணுவியல், புரோகிராம் பிடித்தால் கணினி அறிவியல், மூன்றுக்கும் கணக்கை விட்டுவிடக் கூடாது என்று நேராகச் சொன்னீர்கள். பட்டயப் படிப்பு வழியாக வந்தவர் அதையும் மறைக்காமல் சொன்னது பலருக்குத் தெம்பு தந்தது.

பெற்றோர்களுக்கு: "ஜெயிச்சியா?" என்று கேட்காமல் "இன்னைக்கு என்ன உடைஞ்சுது, எப்படிச் சரிபண்ணினே?" என்று கேட்டதற்கு நன்றி.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துச்சென்ற பெட்டிகளைத் திருப்பித் தரும்போது செல்களைக் கழற்றித் தனியாகக் கட்டி வையுங்கள். எரிந்துபோன பாகத்தை எறியாமல், எரிந்தது என்று சீட்டு ஒட்டி அனுப்புங்கள். அடுத்த சுற்றின் முதல் வகுப்பு அவற்றை வைத்துத்தான்.

நன்றியுடன்,
பயிற்சி ஒருங்கிணைப்புக் குழு